பாதியில் நிற்கும் போர்வையும் ஒரு மில்லிமீட்டரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். வயது 28. கிளினிக் ஒன்றில் வேலை, சில நாள் மாலை ஷிப்ட். அவருடைய அலமாரியில் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. பாட்டியின் சேலைகளையும் கைலிகளையும் வெட்டித் தைக்க ஆரம்பித்த துண்டுத்துணிப் போர்வை ஒன்று. தங்கையின் கல்யாணத்துக்கென்று தொடங்கிய ஆரி வேலை ரவிக்கை ஒன்று. கைப்பிடி மட்டும் பாக்கியிருக்கும் ஒயர் கூடை ஒன்று. அவர் கேட்டது இதுதான்: "தொடங்கும்போது ஆசையாக இருக்கிறது அக்கா. பாதி தாண்டியதும் இது எனக்கு வராது என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் துணியைத் தொடவே கை கூசுகிறது. எனக்குக் கைவேலை வராது என்று ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடவா, இல்லை இதைத் தாண்ட வழி இருக்கிறதா?"

தங்கச்சி, கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய போர்வைப் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். முப்பத்தைந்து வருடமாகத் தைக்கிறேன், அதில் பாதி வருடங்கள் பிறருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அதனால் தைரியமாகவே சொல்கிறேன்: அந்தப் படத்தில் கைவேலை வராத ஒருவரை நான் பார்க்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகைத்தான் பார்த்தேன்.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஐந்து அங்குலச் சதுரம், வரிசைக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு சதுரத்தைச் சேர்க்கப் பதினொரு தையல் வேண்டும். தையலுக்கென்று விடும் காலங்குலத்தில் நீங்கள் ஒரு மில்லிமீட்டர் குறைத்துவிட்டால், ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியிலும் அது மிச்சமாகும். ஒரு தையலுக்கு இரண்டு மில்லிமீட்டர், பதினொரு தையலுக்கு 22 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உங்கள் மூன்றாவது வரிசை இரண்டாவது வரிசையைவிட ஏறக்குறைய அவ்வளவுதான் நீண்டிருக்கிறது. மூலைகள் சேராமல் படிக்கட்டு மாதிரி விலகி நிற்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு தையலில் கண்ணுக்கே தெரியாத அளவு பிசகியது, வரிசை முடிகிற இடத்தில் விரற்கடை அகலத்துக்கு வந்து நின்று உங்களைப் பயமுறுத்துகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது. மெஷின் ஊசியிலிருந்து காலங்குலம் அளந்து, தட்டின் மேல் டேப்பை ஒட்டுங்கள். ஒரே ஒரு டேப் போதாது. நாலைந்து துண்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினால் சின்ன வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். துணியின் விளிம்பு அந்த வரப்பை உரசிக்கொண்டே போகட்டும். கண் களைத்துப் போனாலும் வரப்பு வழிகாட்டும். பிறகு இஸ்திரி. ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால், அடுத்த வரிசையை வலப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள். இரண்டு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மடிப்புகள் எதிரெதிராகப் போய் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். மூலையை விரலால் தடவினாலே பூட்டு விழுந்தது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள்.

ஏற்கெனவே தைத்த ஐந்து வரிசைகளையும் பிரிக்க வேண்டாம். நீண்டுபோன வரிசையைக் கீழே, குட்டையான வரிசையை மேலே வைத்து, மூலைக்கு மூலை குண்டூசி குத்திவிட்டு மெதுவாகத் தையுங்கள். மெஷினின் பற்கள் கீழ்த்துணியைச் சற்றுக் கூடுதலாக இழுத்துக்கொண்டு போகும். சதுரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அதிகம் என்பது அந்தப் பற்களுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. பழைய பருத்தி, இடம் கொடுக்கும். இன்னொன்று. உங்கள் பாட்டியின் சேலைகளில் இரண்டு பளபளப்பாக, வழுக்கும் துணியாகத் தெரிகின்றன. பாத்திக் கைலிப் பருத்தியோடு அவை சேரும்போது நழுவுவது இயல்பு. வெட்டுவதற்கு முன்னால் சாதம் வடித்த கஞ்சியை நன்றாக வடிகட்டி, தண்ணீர் கலந்து, அந்தத் துணிகளை முக்கி உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள். காகிதம் மாதிரி விறைத்து நிற்கும், சொன்னபடி கேட்கும். முதல் துவையலில் கஞ்சி போய்விடும்.

இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் கேள்வியிலேயே எனக்கு ஒரு குழப்பம் தெரிந்தது. "என்னால் முடியாது" என்று நீங்கள் சொல்லும் இடங்களில் பெரும்பாலானவை "அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை" என்கிற இடங்கள். வகுப்புக்கு வரும் பெண்களிடம் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாதியில் விட்ட வேலையைக் கொண்டுவரச் சொல்லி, "எந்தத் தையலில் நிறுத்தினாய், காட்டு" என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் ஒரே மாதிரி இடத்தைத்தான் காட்டுவார்கள். அதுவரை பழகாத வேலை அங்கே தொடங்கும். கழுத்து வளைவு திரும்பும் இடம், ஜிப் வைக்கும் இடம், கூடையில் கைப்பிடி. தெரியாதது ஒன்று எதிரில் வந்து நிற்கும்போது மனம் அதைத் தெரியாதது என்று சொல்வதில்லை. நீ லாயக்கில்லாதவள் என்று சொல்கிறது. ஆகவே அந்த எண்ணம் வரும்போது முதலில் உங்களையே கேளுங்கள்: இப்போது என் கை செய்ய வேண்டிய அடுத்த அசைவு எது, அது எனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு ஆள் இருக்கிறது. தெரியும், ஆனாலும் கை ஓடவில்லை என்றால் அது வேறு சங்கதி. அதற்குக் கீழே வருகிறேன்.

நானும் உங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். அம்மா பால் வெட்டினார். விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் தன் பங்கு மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில் நானும் பால் வடியும் மங்குகளைத் துடைக்கப் போவேன். அம்மாவின் கத்தியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நேற்றோ முந்தாநாளோ வெட்டிய கோட்டுக்கு அடியில், பட்டையில் மெல்லிய ஒரு சீவல். கனம் ஒன்றரை மில்லிமீட்டர் வந்தால் அதிகம். சில நாள் கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் பார்த்தால் திட்டும் விழும். ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். காயம் பட்ட இடத்தை அம்மா மறுபடி கத்தியால் தொட்டதே இல்லை. அடுத்த முறை வந்து, அதற்கு அடியில், இன்னும் கவனமாக ஒரு சீவல். அவ்வளவுதான். ஒரு பக்கத்துப் பட்டை இப்படியே தேய்ந்து கீழே வர வருடக்கணக்கில் ஆகும். வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, பிறகு ஒரு நாள் அதிலும் கத்தி வைப்பார்கள்.

போர்வையைப் பிரித்துப் பிரித்துத் தைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் வரிசையை நாலு முறை பிரித்தீர்களாம். அதைப் படித்ததும் அம்மாவின் கத்திதான் ஞாபகத்துக்கு வந்தது. பழைய சேலைத் துணி ஊசியும் பிரிப்பானும் நாலு முறை பட்டால் நைந்துவிடும். பிசகைத் திருத்தப் போய்த் துணியையே இழப்போம். ஒரு தையலை ஒரு முறை பிரிக்கலாம். இரண்டாவது முறையும் சரியாக வரவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். பத்தாவது வரிசை தைக்கும்போது உங்கள் கை வேறு கையாக இருக்கும். முதல் வரிசையைக் கால்மாட்டுப் பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

பால் வெட்டும் முறைக்கே ஒரு கதை உண்டு, அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதை. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. நம் ஊரிலிருந்து காரில் போனால் எட்டிவிடும் தூரம், போய்ப் பாருங்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குத் தலைமை ஏற்று வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் வழியைச் சோதித்துக் காட்டினார். அப்போது இங்கிருந்த துரைமார்களுக்கு காப்பித் தோட்டம்தான் பெரிது. ரப்பர் விதையைக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து முதல் ரப்பர் தோட்டம் போட்ட பிறகுதான் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. தன்னை நம்பாத ஊரில் அந்த மனிதர் எட்டு வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்ப்பேன். மரத்தைச் சீவி, சொட்டிய பாலை அளந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது அந்தக் குறிப்புதான். "என்னால் முடியுமா" என்ற கேள்விக்கு அவர் மரத்திடம் பதில் கேட்டார்.

நீங்களும் துணியிடம் கேளுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, தைத்த நாளையும் தைத்ததையும் மட்டும் எழுதுங்கள். "செவ்வாய், ஆறாவது வரிசை, நாலு சதுரம், மூலை இரண்டு சேர்ந்தது." நல்லது கெட்டது எதுவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து "நான் எதையும் முடிப்பதில்லை" என்று மனம் சொல்லும்போது அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பெரிதும் பேசப்படுகிறது. "இந்த வேலையை என்னால் செய்ய முடியும்" என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதற்கு அவர் நாலு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமான வார்த்தை, உடம்பும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் மிக வலுவானது என்றார். நாம் செய்வது நேர் தலைகீழ். நம்பிக்கை வரட்டும், பிறகு முடிப்போம் என்று காத்திருக்கிறோம். அது முடிப்பதில்தான் ஊறுகிறது. ஊக்க வார்த்தை மூன்றாவது இடத்தில் இருப்பதையும் பாருங்கள். நான் எவ்வளவு அன்பாக எழுதினாலும் இந்தப் பதில் உங்களை ஓரளவுக்குத்தான் தள்ளிவிடும். கூடையின் கைப்பிடியைப் பின்னி முடித்தால் அது தள்ளும் தள்ளு வேறு.

அதனால் மூன்றில் முதலில் கூடையை எடுங்கள். போர்வை பெரிது, அதில் பதினாறு வரிசையில் ஐந்துதான் ஆகியிருக்கிறது. கூடைக்கு அடி போட்டாயிற்று, சுவர் ஏறிவிட்டது, விளிம்பும் மடக்கியாயிற்று. கைப்பிடி இரண்டும், மிச்ச ஒயரை உள்ளே செருகி வெட்டுவதும்தான் பாக்கி. ஓர் உட்கார்வில் முடியும். கைப்பிடியை வீடியோ பார்த்துக் கற்பது கஷ்டம், ஒயர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது திரையில் சரியாகத் தெரியாது. உங்கள் தாமான் குடியிருப்பிலேயே கேட்டுப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்களில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய அம்மாக்களில் யாராவது ஒருவருக்குக் கூடை பின்னத் தெரிந்திருக்கும். கோயிலில் கேட்டால் ஒரே வாரத்தில் ஆள் கிடைத்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்ப்பதுதான் பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று. உங்களைப் போலவே வேலைக்குப் போய்வந்து, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, அந்த விரல்கள் இதைச் செய்திருக்கின்றன. அவர்கள் பின்னும்போது ஒயர் தவறிப் போவதையும், "அட" என்று சொல்லி உருவிவிட்டு மறுபடி போடுவதையும் கட்டாயம் பாருங்கள். வீடியோவில் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

வீடியோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது மணி நேர ஆரி வேலையை நாற்பது விநாடியில் பார்த்துவிட்டு நம் கையைக் குறை சொல்கிறோம். அந்த ரவிக்கையின் உள்பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. என்னிடம் மணப்பெண் ரவிக்கைகள் நிறைய வந்திருக்கின்றன. நல்ல பெயர் எடுத்தவர்கள் போட்ட வேலை. உள்பக்கம் திருப்பினால் முடிச்சு, அறுந்து மறுபடி பிடித்த நூல், ஓரிடத்தில் மணி உடைந்து வேறு மணி வைத்த தடம் எல்லாம் இருக்கும். உங்கள் துணியின் இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுடையதில் ஒரு பக்கம்தான் தெரியும். அடுத்த முறை யாராவது நல்ல வேலைப்பாடு உள்ள ரவிக்கை வைத்திருந்தால், கொஞ்சம் திருப்பிப் பார்க்கக் கேளுங்கள்.

இனி ஆரி ரவிக்கை. ஊசியின் கொக்கி துணியிலேயே மாட்டிக்கொள்கிறது, நூல் அறுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் துணி தளர்ந்திருப்பதுதான் காரணம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியை விரலால் சுண்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும். ஒரு மாதம் அப்படியே வைத்திருந்த துணி நிச்சயம் தளர்ந்திருக்கும். உட்காரும் ஒவ்வொரு தடவையும் முதலில் கயிற்றை இறுக்குங்கள். இறுக்கியும் மாட்டினால், ஊசி துணிக்கு நேர் செங்குத்தாக இறங்குகிறதா என்று பாருங்கள், வெளியே வரும்போது கொக்கியை இலேசாகத் திருப்பி எடுங்கள். இறங்கிய அதே துளை வழியாக, அதன் ஓரத்தை உரசாமல் வர வேண்டும்.

ஆனால் இந்த ரவிக்கையைப் பற்றி எனக்கு வேறு கருத்து. கல்யாணம் முடிந்துவிட்டது. தங்கை வேறு ரவிக்கை போட்டு மேடையேறிவிட்டார். நீங்கள் வரைந்த மயிலோ தோகை விரித்த பெரிய மயில், இரண்டு கைகளிலும் முழுக்கொடி. முதல் ரவிக்கைக்கு இது அதிகம். அந்த வடிவத்தைக் குறைத்துவிடுங்கள். மயிலின் உடல் முடிந்துவிட்டது, தோகைக்கு ஒற்றை மணிகளை இடைவெளி விட்டுத் தெளித்தாற்போல வைத்து முடியுங்கள். கைகளுக்கு எதுவும் வேண்டாம், ஓரத்தில் ஜரிகைப் பட்டி தைத்தால் போதும். கழுத்து முடிந்ததும் தையற்காரரிடம் கொடுத்து வெட்டித் தைத்து, தீபாவளிக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குறைத்து முடிப்பதை ஏமாற்றுவேலை என்று நினைக்காதீர்கள். கோலம் போடும்போது வாசல் இடத்துக்குத் தகுந்தபடி புள்ளியைக் குறைப்பதில்லையா? பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பாதி போட்டு விட்டுவிட்டு யாரும் உள்ளே போவதில்லை. இடம் போதாதென்றால் ஒன்பது புள்ளியில் முழுதாகப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

அடுத்த அசைவு தெரிந்தும் கை ஓடாத நிலை ஒன்று உண்டு என்றேன். அது என் சொந்த அனுபவம். எனக்குப் பதினேழு வயதில் தையல் சொல்லிக்கொடுத்த ஒருவர், வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் என் பாவாடையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கைக்கு நேர்கோடு வராது" என்றார். அந்த ஒரு வாக்கியம் ஆறு வருடம் என்னோடு இருந்தது. அம்மா தோட்டத்துக்கு உடுத்திப் போன பழைய சேலைகளை வெட்டிப் போர்வை தைக்க ஆரம்பித்தேன், மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை மூட்டையாகக் கட்டி வைத்தேன். மெஷினில் உட்கார்ந்தால் நேர்கோடு வருகிறதா வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே தோள் இறுகிவிடும். இறுகிய தோளோடு தைத்தால் கோடு கோணத்தான் செய்யும். கோணியதும் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றும்.

அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்றால், பெரிய முயற்சி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது. ஏணை கட்டப் பழைய சேலை இருந்தது, கீழே விரிக்கச் சின்ன மெத்தைத் துணி வேண்டும் என்றார்கள். ஒரே நாளில் தைக்க வேண்டியிருந்தது. வெட்டி வைத்த சதுரங்களில் இருபதை எடுத்து, உள்ளே ஒரு பழைய டவலை வைத்து, இரவோடிரவாகத் தைத்துக் கொடுத்தேன். நேர்கோடு வந்ததா என்று பார்க்க எனக்கு நேரமே இல்லை. மூலைகள் பல சேரவில்லை. அந்தக் குழந்தை அதில் படுத்தது, நனைத்தது, அவர்கள் துவைத்தார்கள், வெயிலில் காயப்போட்டார்கள். கொடியில் அது காற்றில் ஆடுவதை என் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு வருடம் பார்த்தேன். தையல் ஒன்றுகூட விடவில்லை. மிச்சச் சதுரங்களை எடுத்து அம்மாவின் போர்வையை அந்த வருடமே முடித்தேன். அதில் இன்றும் கோணல் தையல் இருக்கிறது. இப்போதும் மழைக்காலத்தில் போர்த்திக்கொள்கிறோம்.

ஆகவே யார் பேச்சோ உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த வேலையை ஒரு தேவையோடு சேர்த்துக் கட்டுங்கள். போர்வை யாருக்கு, எந்த நாளில் கையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அம்மா என்றால் அம்மா. "இதற்கு ஏன் இவ்வளவு பாடு, பசார்மாலாம் இரவுச் சந்தையில் இருபது வெள்ளிக்குக் கிடைக்குமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், நீங்கள் களைப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். பாதி வேலையை அவர்களிடம் காட்டாதீர்கள். பாதி தைத்த போர்வை யார் கண்ணுக்கும் கந்தல் மூட்டைதான். அஸ்தர் துணி வைத்து, ஓரம் கட்டி, ஒரு தடவை துவைத்து எடுத்த பிறகு காட்டுங்கள். துண்டுத்துணிப் போர்வையின் முகம் துவைத்த பிறகுதான் தெரியும். தையலோரம் இலேசாகச் சுருங்கி, மூலைப் பிசகெல்லாம் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாலை ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் தைக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். ஆனால் அந்த நேரத்தில் வேலைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உடம்பு களைத்திருந்தால் அந்தக் களைப்பையே திறமைக்குறைவாக எடுத்துக்கொள்வோம், பண்டூராவின் நாலாவது ஊற்று அதுதான். இரவில் யோசிக்க வேண்டாத வேலையைச் செய்யுங்கள். சதுரம் வெட்டுங்கள், தேயுங்கள், குண்டூசி குத்தி வையுங்கள், பாபினில் நூல் சுற்றி வையுங்கள். மூலை சேர்க்கும் வேலை ஓய்வு நாளின் காலைக்கு. கோணலா நேரா என்று பார்ப்பதும் பகல் வெளிச்சத்தில்தான்.

எழுந்திருக்கும்போது வரிசையை முடித்துவிட்டு எழாதீர்கள். இரண்டு சதுரம் பாக்கி வைத்து, ஊசியில் நூல் கோத்தபடி, குண்டூசி குத்தியபடி விட்டுவிட்டு எழுங்கள். புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல், இடையில் நிறுத்திய வேலைதான் முடித்த வேலையைவிட அதிகமாக ஞாபகத்தில் நிற்கிறது என்று ஓர் ஆய்வு வெளியிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தையல் மெஷினுக்கு முன்னால் எனக்கு இது பலித்திருக்கிறது. காரணம் ஞாபகமோ இல்லையோ, மறுநாள் உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்குள் மெஷின் ஓடிவிட்டால், "எனக்கு வருமா" என்ற கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை. அலமாரிக்குள் மூட்டையாக வைப்பதையும் நிறுத்துங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு கூடையில், கண்ணில் படும்படி இருக்கட்டும். பின்னி முடித்த உங்கள் ஒயர் கூடையையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் சேலையை வெட்டிப் பாழாக்கிவிடுவேனோ என்ற பயம் மட்டும் நியாயமான பயம் என்று நினைக்கிறேன். அதை மதியுங்கள். ஒவ்வொரு சேலையிலிருந்தும் முந்தானையை மட்டும் வெட்டாமல் தனியாக எடுத்து வையுங்கள். கிழிந்த, நைந்த பகுதியிலிருந்து சதுரம் எடுக்காதீர்கள், உடுத்தும்போது மடிப்புக்குள் போன பகுதியில் துணி உறுதியாக இருக்கும். முந்தானை பத்திரமாக இருக்கும்போது எது பிசகினாலும் பாட்டியின் சேலை உங்களிடம் இருக்கிறது. கை தாராளமாக ஓடும்.

கைப்பிடி பின்னக் கற்றுத்தர ஆள் கிடைத்ததும் எழுதுங்கள். அதற்குள் ஒரு நாள் காலை, ஆறாவது வரிசையின் முதல் இரண்டு சதுரத்தை மட்டும் டேப் வரப்பில் ஓட்டித் தைத்துவிட்டு, தையலுக்கு எவ்வளவு துணி போயிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். காலங்குலம் வந்திருந்தால் மீதிப் பத்தையும் சேர்த்துவிடலாம். வரவில்லை என்றால் டேப்பை ஒரு மயிரிழை தள்ளி ஒட்டிவிட்டு இன்னும் இரண்டு சதுரம் எடுங்கள்.